பக்கத்து அறையின் கைராசி

நெஞ்சுநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் துறைத் தலைவர் கேட்டார். எதைப் பற்றி என்றேன். "உங்க அனுபவம் ஏதாச்சும் மேடம், பசங்களுக்கு ஊக்கமா இருக்கணும்" என்றார். இத்தனை வருஷ வேலையில் எனக்கு ஊக்கமாக இருந்தது பொறாமைதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிடிக்கவில்லையென்றால் அவர் பக்கத்து அறைக்காரியைக் கேட்டுக்கொள்ளலாம். அவள் தேனொழுக எழுதித் தருவாள்.

பக்கத்து அறைக்காரி என்று நான் சொல்வது, தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், என்னுடைய பிரிவிலேயே, அடுத்த அறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்த டாக்டரை. என்னைவிடச் சற்று இளையவள். என்னை அக்கா என்பாள். அதுவே எனக்குப் பிடிக்காது. இரண்டு அறைக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் நோயாளிகள் சிரிப்பது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மூச்சு விட முடியவில்லை என்று வந்தவர்களுக்கு அங்கே அப்படி என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கியதே இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளுக்காகத்தான் காத்திருப்பார்கள். என் அறை காலியாக இருக்கிறது, வாங்க என்று நர்ஸ் கூப்பிட்டாலும், "இருக்கட்டும்மா, அந்த டாக்டரம்மாவையே பாத்துக்கறோம். அவங்களுக்குக் கைராசி" என்பார்கள். கைராசி! அவள் எழுதும் மருந்துச் சீட்டுகளை மெடிக்கல் ஷாப்காரரிடம் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நான் எழுதும் அதே இன்ஹேலர், அதே மாத்திரை, அதே அளவு. நான் எழுதினால் அது மருந்து, அவள் எழுதினால் கைராசி. எனக்கும் அவர்கள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். கறார் டாக்டரம்மா.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவர் கலியபெருமாள். மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். நாள்பட்ட இளைப்பும் சளியும். என் நோயாளி. அவரை பீடியை விட வைத்தது நான். இன்ஹேலரை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று பொறுமையாக, ஆமாம், நான்கூடப் பொறுமையாக, சொல்லிக் கொடுத்தது நான். நன்றாகத்தான் இருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பிப் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு இளைப்பு அதிகமாயிற்று. நான் மருந்தை ஏற்றினேன். மறுபடி ஏற்றினேன்.

என் மகளின் பிரசவத்துக்காக லீவில் போய்விட்டுத் திரும்பினேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இருமலும் சேர்ந்த சிரிப்பு. எனக்குத் தெரிந்த இருமல். கலியபெருமாள் கட்சி மாறிவிட்டிருந்தார்.

அன்றைக்கு நான் வேலையே செய்யவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நெஞ்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்டாள்.

"புது வீட்டுல என்னென்ன வந்துருக்குண்ணே?"

அவர் பெருமையாகச் சொன்னார். சுவருக்கு பெயிண்டு, சோபா, மெத்தை, கொசுவுக்கு பிளக்கில் மாட்டுகிற மருந்து, வாசனைக்கு அடிக்கிற ஸ்பிரே, தரை துடைக்கிற திரவம், எறும்புக்குச் சாக்பீஸ்.

"வயல் மண்ணு வேறண்ணே, இந்தத் தூசி வேற. பெயிண்டு, மெத்தைப் பஞ்சு, கொசு மருந்து, எறும்பு மருந்து, எல்லாத்துலேருந்தும் கண்ணுக்குத் தெரியாம உதுந்து தரையில படியுது. அண்ணி வெளக்கமாத்தப் போட்டுப் பெருக்குனா அம்புட்டும் கெளம்பி உங்க நெஞ்சுக்குள்ள போவும். உங்க நெஞ்சு ஏற்கெனவே புண்ணு. அது தாங்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னது தப்பு என்பதற்காக இல்லை. சரி என்பதற்காக. வீட்டுத் தூசியில் இத்தனை ரசாயனம் கலந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவள் படித்ததை நானும் படித்திருக்கிறேன். ஆனால் கலியபெருமாளிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மருந்தை ஏற்றத்தான் தோன்றியது. எனக்கு வந்திருக்க வேண்டிய யோசனை அடுத்த அறைக்குப் போய்விட்டது.

அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். வீட்டில் ஒரே ஓர் அறை. அதில் கட்டிலைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. திரை, துணிக் கொடி, பாய், காலண்டர் எதுவும் வேண்டாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கொசு மருந்து, ஸ்பிரே, சாம்பிராணி எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. "நான் சொல்ற வரைக்கும் நீங்க அந்த ரூம்புலதான் இருக்கணும். வெளிய வரப்படாது, ஆமா" என்று செல்லமாக மிரட்டினாள். நான் அதே மாதிரி மிரட்டியிருந்தால் கோவக்காரி என்றிருப்பார்கள்.

ஆடியில் அந்த அறை தயாராயிற்று. அவர் தேறினார். வரப்பில் நடந்து போய் வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் மனைவி வசந்தா அறையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எங்கள் பிரிவின் மாதக் கூட்டத்தில் பக்கத்து அறைக்காரி அதைத் திரையில் போட்டுக் காட்டினாள். வெறும் சுவர், பளபளக்கும் டைல்ஸ் தரை, ஒரு கட்டில், மேலே ஏசி. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கை வலிக்காத அளவுக்கு.

ஐப்பசி மழை பிடித்தது. கலியபெருமாள் மூச்சு முட்டி வந்து சேர்ந்தார். வார்டில் போட்டோம், தேறினார், வீட்டுக்குப் போனார். சில நாட்களில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தார். மறுபடி தேறி, மறுபடி போய், மறுபடி வந்தார். அவள் மழைக் குளிர் என்றாள். வைரஸ் என்றாள். மருந்தை ஏற்றினாள். நான் செய்ததைத்தான் அவளும் செய்தாள். வசந்தாவிடம் அறையை மறுபடி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அதே வெறும் சுவர், அதே கட்டில். "ரூம்புல எதும் சாமான் வச்சிருக்கீங்களாண்ணி?" என்று போனில் கேட்டாள். "ஒண்ணுமே இல்லீங்க" என்றார் வசந்தா. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோயிருந்தது. எனக்கு இனித்தது. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. இனித்தது.

ஆனால் ஒரு விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. எங்கள் வார்டு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஃபேன் இறக்கைகளில் ஒட்டடை, கட்டிலுக்குக் கட்டில் சொந்தக்காரர்களின் மூட்டை முடிச்சு, பாத்ரூமிலிருந்து பினாயில் நெடி. அங்கே இந்த மனுஷன் தேறுகிறார். துடைத்து வைத்த மாதிரி இருக்கும் அறைக்குப் போனால் படுத்துவிடுகிறார். நுரையீரலில் மிச்சம் இருந்த தெம்பும் ஒவ்வொரு தடவையும் கரைந்துகொண்டே வந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் செயற்கைச் சுவாசம்தான், அதிலிருந்து மீளுவாரா என்பது சந்தேகம்தான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில் அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சென்னைக்குப் போகும்போது தன் நோயாளிகளை என்னிடம் ஒப்படைத்தாள். "கலியபெருமாள் அண்ணன நாளைக்கு அனுப்பிடலாம்க்கா. அந்த ரூம்பத் தவிர வேற எங்கயும் இருக்க வேணாம்னு சொல்லிடுங்க. ரூம்பு நல்லாதான் இருக்கு, பாருங்க" என்று இரண்டு போட்டோக்களையும் என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனாள். அவள் சொன்னபடியே மறுநாள் அனுப்பி வைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரசிப்பதற்காக இல்லை. குற்றம் கண்டுபிடிப்பதற்காக. கூட்டத்தில் கை தட்டியவர்கள் எல்லாரும் சுவரைத்தான் பார்த்தார்கள். நான் மூலை முடுக்காகத் தேடினேன். ஆடி மாதப் போட்டோவில் கட்டிலின் கால்கள் தெரிந்தன, அதற்கடியில் தரை தெரிந்தது. ஐப்பசிப் போட்டோவில் கால்கள் தெரியவில்லை. படுக்கை விரிப்பு தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. துணியே தொங்கக் கூடாது என்று சொன்னவள் இதைக் கவனிக்கவில்லை! கைராசிக்காரியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது! அன்றைக்கு மோர்ச்சாதம்கூட எனக்கு விருந்தாக இருந்தது.

விரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது. போனில் கேட்டால் ஒண்ணுமில்லீங்க என்றுதான் பதில் வரும். மறுநாள் காலையில், மன்னார்குடிப் பக்கம் ஒரு வளைகாப்புக்கு வருகிறேன், அப்படியே எட்டிப் பார்க்கிறேன் என்று வசந்தாவுக்கு ஒரு பொய் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நல்ல மழை. வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சம்பா நட்ட வயல்களில் பயிர் நுனி மட்டும் தெரிந்தது. வசந்தா குடையோடு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "அந்த டாக்டரம்மா வரலீங்களா?"

"அவங்க ஊர்ல இல்ல. நான்தான் வந்துருக்கேன். எப்படி இருக்காரு?"

"வந்தப்ப நல்லாதாங்க இருந்தாரு. விடிஞ்சதுலேருந்து முடியலீங்க. ரூம்புலதான் இருக்காரு. அந்த டாக்டரம்மா சொன்னதுலேருந்து அந்த ரூம்ப விட்டு அசையறது இல்லீங்க."

கதவைத் திறந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் கட்டில் விளிம்பில் இரண்டு முழங்கால்களிலும் கையை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. உதட்டில் நீலம். மூடிய அறைக்குள் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி ஒரு காரநெடி. என் கண்ணே எரிந்தது. நான் குனிந்து விரிப்பைத் தூக்கினேன்.

கட்டிலுக்கடியில் இண்டு இடுக்கு இல்லாமல் சாக்கு மூட்டைகள். மூட்டைகளின் மேல், தரையின் மேல், கட்டில் கால்களின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. ஏசிக் காற்று பட்ட இடத்தில் பொடி வரிவரியாக நகர்ந்து விரிப்பின் மடிப்புகளில் ஏறியிருந்தது.

"இது என்னம்மா?"

"எதுங்க?"

"இந்த மூட்டை."

"அது வெதைங்க."

"ரூம்புல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"

வசந்தா என்னைப் புரியாமல் பார்த்தார். "ஒண்ணும் இல்லதானேங்க. வெத மட்டுந்தானே இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவை உளுந்து விதை. தை மாதம், சம்பா அறுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தில் தெளிக்க வேண்டியது. சித்திரையில் எடுத்த விதையைத் தை வரைக்கும் மழையிலிருந்தும் எலியிலிருந்தும் வண்டிலிருந்தும் காப்பாற்ற வேண்டும். கோடை முழுக்கக் கொட்டகையில்தான் இருந்தது. ஐப்பசியில் கொட்டகை ஒழுகியது. வீட்டிலேயே காய்ந்த இடம், எலி நுழையாத இடம், மகன் பணத்தில் ஏசி போட்ட இந்த அறைதான். நல்ல இடம் என்று ஒன்று வீட்டில் இருந்தால் அங்கே விதைதான் போகும். சாமான் இருக்கிறதா என்று கேட்டால் பீரோ, பெட்டி, பாய் என்றுதான் அவர்கள் யோசிப்பார்கள். விதையைச் சாமான் கணக்கில் யாராவது சேர்ப்பார்களா? விரிப்பை இழுத்து விட்டதுகூட மறைக்க இல்லை. போட்டோவில் அழகாக இருக்கட்டும் என்றுதான்.

"மேல இருக்கற பொடி?"

"வண்டு வுழுவாம இருக்க உரக்கடையில குடுத்ததுங்க. மழ ஈரத்துக்கு விட்டு விட்டுப் போடணும்னாங்க. இவருதான் தன் கையாலயே போட்டு விடுவாரு. சும்மா உக்காந்துதானே இருக்காரு. ஆஸ்பத்திரிலேருந்து வந்தா முத வேல இதாங்க."

அந்தப் பொடி பேரில்லாத ஒரு கேரி பேக்கில் இருந்தது. அது இன்ன ரசாயனம் என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, சோதித்துப் பார்க்க வசதி இல்லை. ஆனால் பூச்சியைக் கொல்லுகிற பொடி, மூடிய அறை, சுற்றிச் சுற்றி அடிக்கும் ஏசிக் காற்று, அதற்கு நடுவில் புண்ணான நெஞ்சு. வார்டில் ஏன் தேறினார், இங்கே ஏன் படுத்தார் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

"எழுந்திரிங்க. இந்த ரூம்ப விட்டு உடனே வெளிய வாங்க. காருல ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

"கலியபெருமாள், விளையாடாதீங்க. இந்தப் பொடிதான் உங்களப் படுத்துது."

அவர் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். "அந்த டாக்டரம்மா... ரூம்ப விட்டு... வரப்படாதுன்னு... சொல்லிருக்காங்க."

"அவங்களுக்கு இது தெரியாது. நான் சொல்றேன், வாங்க."

மறுபடி தலையாட்டல். கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் கத்தினேன். கத்தத்தானே எனக்குத் தெரியும். வசந்தா என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "கோச்சுக்காதீங்க டாக்டரம்மா. ஒங்களுக்கும் அவங்களுக்கும் ஆவாதுன்னு ஆஸ்பத்திரில எல்லாருக்கும் தெரியுங்க. நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவங்க ஒண்ணு சொல்றாங்க. நாங்க எதக் கேக்கறது?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் பொறாமை எனக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வார்டு முழுக்க, மன்னார்குடி தாண்டி இந்த வாய்க்கால் கரை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. நான் உண்மையைச் சொல்கிறேன், அது பொறாமையாகத்தான் அவர்கள் காதில் விழுகிறது.

நீங்களே யோசித்துப் பாருங்கள், என்ன செய்வீர்கள்? பலவந்தமாகத் தூக்கினால் திமிறுவார், திமிறினால் இருக்கிற மூச்சும் போய்விடும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் மழையில் வந்து சேர நேரமாகும், வந்தாலும் இவர் ஏற மாட்டார். மூட்டைகளை முதலில் இழுத்தால் பொடி இன்னும் கிளம்பும். உட்கார்ந்து விளக்கிப் புரிய வைக்கலாம் என்றால் அவர் உதடு அதற்கு நேரம் தரவில்லை. அவர் கேட்கிற குரல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது சென்னையில் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு, அவர் காதில் விழாதபடி வாசலுக்கு வந்தேன். அப்போதும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இதைக் கண்டுபிடித்தது நான். அவள் வாயால் இது வெளியே போனால் இதுவும் கைராசி ஆகிவிடும். இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு நினைப்பு வருமா என்று கேட்காதீர்கள். வரும். உங்களுக்கும் வரும். வந்தபடியே இருக்கட்டும், விரல் நம்பரை அழுத்தட்டும்.

"சொல்லுங்கக்கா."

"நான் கலியபெருமாள் வீட்டுல இருக்கேன்."

"நீங்க எதுக்குக்கா அங்க?"

"உன்மேல குத்தம் கண்டுபிடிக்கத்தான் வந்தேன். கண்டுபிடிச்சுட்டேன். கட்டிலுக்கடியில வெத மூட்டை, மேல பூச்சி மருந்துப் பொடி. ஆளு நீலம் பூத்துப் போயிருக்காரு, ரூம்ப விட்டு வர மாட்டேங்கறாரு, நீ சொன்னியாம். நீயே கூப்பிடு. நீயே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லு. என் பேரு வேண்டாம்."

வேறு யாராக இருந்தாலும் எப்படி, எப்போது, யார் வைத்தது என்று கேள்வி கேட்டிருப்பார்கள். அவள், "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். அவ்வளவுதான். இந்த இடத்தில்கூட எனக்குப் பொறாமைதான். அவ்வளவு சுருக்கமாக என்னால் இருந்திருக்க முடியாது.

உள்ளே போய்ப் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அண்ணே, நான்தான்" என்றாள். கலியபெருமாள் நிமிர்ந்தார். "வெதைக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. ஒரு மணிகூட நனையாது. அத எங்க வைக்கறதுன்னு அண்ணிகிட்ட நான் பேசிக்கறேன். ரூம்புல இருந்தது போதும். இப்ப எந்திரிச்சு அக்காவோட காருல ஏறுங்க. நான் சொல்றேன்ல?"

அவர் கட்டில் சட்டத்தை விட்டார்.

நான் நுரையீரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்திருந்தது விதைக்குக் காவலாக என்பது எனக்குத் தெரியவில்லை. சென்னையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவளுக்குத் தெரிந்தது. அவர் கண்ணில் பயத்தைப் பார்க்காமலேயே தெரிந்தது. கைராசி என்று ஜனங்கள் எதைச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் பொறாமை குறையவில்லை. முன்னே காரணம் இல்லாமல் எரிந்தேன், இப்போது காரணத்தோடு எரிந்தேன்.

நானும் வசந்தாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் வாசலிலேயே அவர் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை முகத்தைக் கழுவி வேறு சட்டை போட்டு விட்டோம். ஜன்னலைத் திறந்து வைத்து, மழைச்சாரல் அடித்தாலும் பரவாயில்லை என்று ஓட்டினேன். பின்சீட்டில் வசந்தா இன்ஹேலரை அவர் வாயில் பிடித்தபடியே வந்தார். தஞ்சாவூர் வருவதற்குள் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. செயற்கைச் சுவாசத்துக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. மயிரிழையில் என்பார்களே, அப்படி.

விதை மூட்டைகள் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயின. மழை விட்டதும் வெயிலில் காய வைத்து, மூடியுள்ள டிரம்களில் அடைத்தார்கள். அறையை வசந்தா துடைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருந்ததால், மூக்கு வாய் கட்டிய ஆட்களை வைத்து ஈரத்துணியால் பலமுறை துடைத்தார்கள். தை மாதம் உளுந்து தெளித்தார்கள். அதற்குப் பிறகு கலியபெருமாள் அந்த மாதிரி மூச்சு முட்டி வந்ததில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் பக்கத்து அறைக்காரி எழுந்தாள். இரண்டு போட்டோக்களையும் திரையில் போட்டாள். "எனக்குக் கண்ணு தெரியல. அக்காதான் பார்த்தாங்க. அக்கா போகலன்னா அண்ணன் போயிருப்பாரு. தப்பு என்னுது" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். என் பேர் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும் சொன்னாள். சரி, இந்த ஒரு தடவையாவது கை தட்டல் நமக்கு என்று நான் புடவையைச் சரி செய்துகொண்டேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என் காதில் விழுந்தது: "தப்ப ஒத்துக்கிட்டு இன்னொருத்தருக்குப் பேரக் குடுக்கறாங்க பாருங்க. இவங்க மனசு யாருக்கு வரும்!"

நான் என்ன செய்ய?

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். நோயாளியிடம் வீட்டில் சாமான் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அவர்கள் சாமான் என்று நினைக்காத ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். இங்கே விதை. அதிராம்பட்டினத்தில் ஒரு வீட்டில், வளைகுடாவிலிருந்து மகன் கொண்டு வந்து கொடுத்த வாசனைக் கட்டை. சீர்காழியில் ஒரு வீட்டில், கணவர் மருந்து அடித்துவிட்டு வந்து மாட்டி வைக்கிற சட்டை. அவர்களுக்கு அது தூசி இல்லை. பொருளே இல்லை. வாழ்க்கை. முடிந்தால் நீங்களே போய்ப் பாருங்கள். போகும்போது பாராட்டுகிற மனசோடு போகாதீர்கள், பாராட்டுகிறவர் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கக் கொஞ்சம் பொல்லாத மனசு வேண்டும். என் மனசு பொல்லாதது. அது ஓர் ஆளைக் காப்பாற்றியிருக்கிறது. அதே மனசால்தான் அந்த ஆள் என் பேச்சைக் கேட்க மறுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என் ரத்த அழுத்த மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கலியபெருமாள் படியேறி வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சௌக்கியமா என்று கேட்டார். அடுத்த வார்த்தை, "அந்த டாக்டரம்மா இருக்காங்களாங்க?"

இருக்காங்க என்றேன். அவர் அதோடு விடவில்லை. நின்ற இடத்திலேயே ஆரம்பித்தார். "அவங்கள மாதிரி ஒரு டாக்டர நான் எங்கயும் பாத்ததில்லீங்க, மெட்ராஸ்ல இருந்துக்கிட்டே போனுல சொன்னாங்க பாருங்க, கட்டிலுக்கடியில இருக்கறது அவங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுதுன்னே தெரியலீங்க, வெதையும் போவாம என் உசுரும் போவாம பண்ணிட்டாங்க, இந்தச் சீமையில அவங்க கைராசி யாருக்கும் வராதுங்க!"

எனக்கு வயிறு எரிந்தது. அறுபது வயதைத் தாண்டிய, நுரையீரல் பாதி போன மனுஷன், மாடி ஏறி வந்த கையோடு, அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. தோள் ஏறவில்லை. உதடு நல்ல நிறமாக இருந்தது.

"சரியாக் காதுல விழலீங்க" என்றேன். "அவங்களப் பத்திச் சொன்னீங்களே, அத மறுபடி ஒருதரம் சொல்லுங்க."